வீட்டில் செய்த வீடியோ கேம் கேசட்டுக்குப் பெட்டி: முன்னால் என்ன படம், பின்னால் என்ன எழுதுவது?

#1 மாடிவீட்டு_மரியோ

வணக்கம். ஆறு மாதமாகச் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து ஒரு கேசட் செய்து முடித்திருக்கிறேன். உள்ளே இருப்பது 'மதர்', 1989 ஜூலையில் நிண்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாம் என்ற டிவி கேம் கருவிக்கு விட்ட கேம். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1990இல் அமெரிக்காவில் 'எர்த்பவுண்ட்' என்று விடுவதற்குத் தயாராகவே வைத்திருந்தார்கள், ஆனால் விடவில்லை. 1998இல் அதன் மாதிரி (புரோட்டோடைப்) கேசட் ஒன்று ரசிகர்கள் கைக்கு வந்து அதன் ரோம், அதாவது கேமின் நிரல் கோப்பு, வெளியே பரவியது, 'எர்த்பவுண்ட் ஸீரோ' என்ற பெயர் அப்போது வந்ததுதான். கடைசியில் நிண்டெண்டோவே 2015இல் வீ யூ கருவியில் 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்று விட்டது, அதுவும் டவுன்லோடாக மட்டும். ஆக இந்த ஆங்கில வடிவத்துக்கு அட்டைப்பெட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. அதனால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு ஆசை.

போர்டு புதிது, கூடு புதிது, சேவுக்கு, அதாவது ஆட்டத்தை விட்ட இடத்தை நினைவில் வைக்க, சிஆர்2032 பேட்டரி. நம் ஊர் டிவி கேமில் போகும்படி 60 பின். மொத்தம் ஐந்துதான் செய்கிறேன், எனக்கு ஒன்று, பள்ளி நண்பர்கள் நால்வருக்கு ஒவ்வொன்று. விற்கப்போவதில்லை.

சின்ன வயதில் பர்மா பஜாரில் வாங்கிய எந்த கேசட்டுக்கும் பெட்டி கிடையாது, ஒரு பிளாஸ்டிக் உறைதான். லேபிளில் ஒரு படம் இருக்கும், உள்ளே வேறு கேம் ஓடும். பெட்டியோடு ஒரு கேசட்டைப் பிரிக்கும் சுகம் எங்களில் யாருக்கும் வாய்க்கவில்லை, அதை இப்போது கொடுக்க வேண்டும் என்றுதான் இந்த வேலை.

முன்பக்கம் அந்தக் கால என்இஎஸ் (ஃபேமிகாமின் அமெரிக்க வடிவம்) பெட்டி மாதிரியே செய்திருக்கிறேன்: கறுப்புப் பின்னணி, மூலையில் நிண்டெண்டோவின் தங்க முத்திரை, கீழே வயது வரம்புக் குறி, பின்னால் பார்கோடு. பின்பக்க வாசகம் தமிழில்:

"ஒரு மாபெரும் காவியப் பயணம் உங்களுக்காகக் காத்திருக்கிறது! மர்மங்களும் ஆபத்துகளும் நிறைந்த உலகில் எட்டு மெல்லிசைகளைத் தேடிச் செல்லுங்கள்! உலகைக் காப்பாற்றுங்கள்!"

எப்படி இருக்கிறது? தயங்காமல் சொல்லுங்கள்.

#2 பழையபெட்டி

வேலை அருமை, ஐந்து கேசட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுபவர்கள் குறைவு. ஆனால் அந்த முத்திரையை எடுத்துவிடுங்கள் நண்பரே. அது அலங்காரம் கிடையாது, "இதன் தரத்தை நாங்கள் பார்த்து ஒப்புக்கொண்டோம்" என்று நிண்டெண்டோ கொடுக்கும் உறுதி, பதிவு செய்த வணிகக் குறி. உங்கள் மேசையில் சால்டர் செய்ததை அவர்கள் பார்க்கவே இல்லை. "நிண்டெண்டோவின் உரிமம் பெற்றது" என்ற வரி போடும் எண்ணம் இருந்தால் அதுவும் அப்படித்தான். "60 பின் கருவிகளில் ஓடும்" என்று எழுதுங்கள், அது உண்மை.

இன்னொன்று, வயது வரம்புக் குறி. அந்தக் குறியைக் கொடுக்கும் இஎஸ்ஆர்பி என்ற அமைப்பே 1994இல்தான் தொடங்கியது. 1990 பெட்டி என்று காட்டிக்கொண்டு அதில் அந்தக் குறியை வைத்தால் காலமே இடிக்கிறது. என்இஎஸ்ஸுக்கு அந்தக் குறியோடு வந்த ஒரே கேம் 'வாரியோஸ் வுட்ஸ்', அதுவும் 1994 டிசம்பரில்.

பார்கோடு எங்கிருந்து எடுத்தீர்கள்? இணையத்தில் கிடைத்ததைப் போட்டிருந்தால் அது வேறு யாருடைய பொருளின் எண்ணாகவோ இருக்கும்.

நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு ஒருவரிடம் பழைய ஜப்பான் கேசட் என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பெட்டி, கையேடு, முத்திரை எல்லாம் சுத்தம். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே பச்சைப் பசேலென்று புது போர்டு. விற்றவரும் ஏமாந்துதான் வாங்கியிருக்கிறார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். முதலில் அதைச் செய்தவர் உங்களைப் போல நண்பனுக்காக ஆசையாகச் செய்தவராகவே இருக்கலாம். பெட்டி கை மாறும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல முடியாது, பெட்டிதான் சொல்ல வேண்டும்.

விற்கவில்லை என்பதால் அந்த கேமின் உரிமை நமக்கு வந்துவிடாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் அடங்கும்.

#3 ரீசெட்பட்டன்

ப்ரோ, பின்பக்க ஸ்கிரீன்ஷாட் மங்கலாக இருக்கிறது. ஜேபெக்கில் சேமித்துப் பெரிதாக்கினீர்களா? பிஎன்ஜியாக எடுங்கள், பெரிதாக்கும்போது 'நியரஸ்ட் நெய்பர்' (புள்ளியை மங்கவிடாமல் அப்படியே பெரிதாக்கும் முறை) மட்டும்.

#4 எழுத்தாணி

தம்பி, பின்பக்க வாசகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

"மாபெரும் காவியப் பயணம்", "மர்மங்களும் ஆபத்துகளும்", "உலகைக் காப்பாற்றுங்கள்". இந்த மூன்றையும் அப்படியே எடுத்து வேறு எந்த கேம் பெட்டியின் பின்னால் ஒட்டினாலும் பொருந்தும். உங்கள் கேமுக்கு மட்டும் பொருந்தும் வரி இதில் "எட்டு மெல்லிசை" ஒன்றுதான். மூன்று வாக்கியத்துக்கும் ஆச்சரியக்குறி வேறு.

நான் இந்த கேமை விளையாடியதில்லை. நீங்கள் விளையாடியிருக்கிறீர்கள். முதல் அரை மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லுங்கள், நண்பரிடம் டீக்கடையில் சொல்வது போல.

#5 மாடிவீட்டு_மரியோ

@பழையபெட்டி புரிகிறது. பார்கோடு இணையத்தில் எடுத்ததுதான். முத்திரை, குறி, பார்கோடு மூன்றையும் எடுத்துவிட்டேன்.

@எழுத்தாணி அக்கா, இப்படித்தான் தொடங்கும். 1988, அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். நிண்டென் என்ற பையன் வீட்டில் இருக்கிறான், திடீரென்று வீடு ஆடுகிறது, அறையில் இருக்கும் மேசை விளக்கு அவனை வந்து அடிக்கிறது. விளக்கோடுதான் முதல் சண்டை. அடுத்து தங்கை அறைக்குப் போனால் அங்கே பொம்மை அடிக்க வருகிறது. அந்தப் பொம்மைக்குள் ஒரு இசைப்பெட்டி இருக்கும், முதல் மெல்லிசை அதில்தான் கிடைக்கும். அப்புறம் அப்பா போன் பண்ணுவார். அப்பா முகத்தைக் கடைசிவரை பார்க்கவே முடியாது, போனில்தான் பேசுவார். சண்டை போட்டுச் சம்பாதிக்கும் காசை பேங்க்கில் போடுவதும் அவர்தான். கேமை சேவ் செய்யணும் என்றால் எங்காவது ஒரு போனைத் தேடிப்பிடித்து அவருக்குப் போன் போடணும். அதைத் தவிர வேறு வழியே இல்லை.

#6 எழுத்தாணி

பாருங்கள், இதைச் சொல்லாமல் "மாபெரும் காவியம்" என்று எழுதிவிட்டீர்களே! மேசை விளக்கு அடிக்க வருகிறது. அப்பாவுக்குப் போன் போட்டால்தான் சேவ் ஆகும். இந்த இரண்டையும் படித்த யாரும் பெட்டியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

எஸ்டிடி பூத் வாசலில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசியவர்கள் நாம். ஊரில் இல்லாத அப்பாவின் குரல் என்றால் என்ன என்று உங்கள் நண்பர்கள் நால்வருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வரியை மேலே கொண்டுவாருங்கள்.

#7 ரீசெட்பட்டன்

அக்கா சொன்னதோடு ஒரு தகவல். இந்த கேமை உருவாக்கிய ஷிகெசாட்டோ இட்டோய் ஜப்பானில் பெயர் பெற்ற விளம்பர வாசக எழுத்தாளர். "முடிவு வரும்வரை அழக்கூடாது" என்கிற பொருளில் வந்த ஒற்றை வரிதான் இதன் விளம்பரம். ஜப்பான் பெட்டியையும் தேடிப் பாருங்கள். முழுச் சிவப்பு, 'மதர்' என்ற பெயர், அதில் 'ஓ' இருக்கும் இடத்தில் பூமி உருண்டை, முன்பக்கம் அவ்வளவுதான். ஹீரோ இல்லை, வில்லன் இல்லை.

#8 சிவகாசி_டிடிபி

தாமதமாக வருகிறேன், காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இருபது வருடமாக டிடிபியும் பெட்டி வேலையும் பார்க்கிறேன், கேம் பற்றி ஒன்றும் தெரியாது, பெட்டி பற்றிச் சொல்கிறேன்.

ஐந்து பெட்டிக்கு ஆஃப்செட் பக்கமே போகாதீர்கள். நாலு கலருக்கு நாலு பிளேட் போட்டு மிஷின் செட் ஆவதற்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பேப்பர் வீணாகும். டிஜிட்டல் பிரிண்ட் போதும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேலே மேட் லேமினேஷன். லேமினேஷன் அழகுக்காக மட்டும் போடுவது இல்லை, டிஜிட்டலில் டோனர் பேப்பருக்கு மேலேதான் உட்காரும், மடிக்கிற இடத்தில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். உங்கள் பெட்டி முழுக் கறுப்பு என்கிறீர்கள், கறுப்பில்தான் அந்த வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். லேமினேஷன் போட்டு, கிரீஸிங் (மடிப்புக் கோட்டை மிஷினில் அழுத்திப் பதிப்பது) விட்டு, அப்புறம் மடிக்கணும். ஸ்கேலை வைத்து நகத்தால் கோடு இழுத்து மடித்தால் அத்தனை உழைப்பும் போச்சு. பேப்பருக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு, நீளமான நாலு மடிப்பும் அந்த ஓட்டத்தோடு போகிற மாதிரி ஷீட்டில் படுக்க வையுங்கள்.

கேசட் அளவு என்ன? எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று மில்லி தளர்வு விடணும், போர்டுக்கும் கனம் உண்டு.

கறுப்பு பற்றி இன்னொரு விஷயம். பெரிய பரப்புக்கு வெறும் கறுப்பு 100 கொடுத்தால் வெளிறின சிலேட் மாதிரி வரும், கொஞ்சம் சியான் கலந்து கொடுங்கள். ஆனால் சின்ன எழுத்துக்கு எந்தக் கலப்பும் கூடாது, தனிக் கறுப்பு மட்டும். கலந்தால் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிக் கலர் நிழல் வரும், 'ணை' 'ஞ' எல்லாம் அடைத்துக்கொள்ளும். அதே காரணத்துக்காக, கறுப்புப் பரப்பில் சின்ன வெள்ளைத் தமிழ் எழுத்து போடுவதையும் நான் விரும்ப மாட்டேன். வெட்டுக்கு வெளியே 3 மில்லி கலரை இழுத்துவிடுங்கள், எழுத்தை வெட்டிலிருந்து குறைந்தது 3 மில்லி உள்ளே வையுங்கள்.

#9 மாடிவீட்டு_மரியோ

அண்ணாச்சி, இதைத்தான் யாராவது சொல்ல மாட்டார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். கேசட் 11 செ.மீ.க்கு 7.2, கனம் 1.8. பெட்டியை 11.3, 7.5, 2.1 என்று வைத்தால் சரியாக இருக்குமா?

#10 சிவகாசி_டிடிபி

இருக்கும். விரித்தால் ஒட்டு மடிப்போடு அகலம் 28.3, மேலும் கீழும் மூடியோடு உயரம் ஏறக்குறைய 14.7. 13க்கு 19 அங்குல ஷீட்டில் மூன்று உட்காரும். இரண்டு ஷீட்டில் ஆறு பெட்டி, ஒன்று சோதனைக்கு. முதலில் வெள்ளை அட்டையில் வெட்டி மடித்துக் கேசட்டை உள்ளே விட்டுப் பாருங்கள், படம் எல்லாம் அப்புறம்.

#11 பழையபெட்டி

அளவு சரி, இனி வார்த்தைக்கு வருவோம். இது வீட்டில் செய்தது என்று பெட்டியில் எழுதத்தான் வேண்டும். 'மறுபதிப்பு' என்று போடலாமா?

#12 எழுத்தாணி

'மறுபதிப்பு' வேண்டாம். புத்தகத்தில் 'மறுபதிப்பு' என்று பார்த்தால், உரிமை உள்ள பதிப்பாளர் திரும்ப அச்சிட்டார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் விலக்க நினைக்கும் தவறான எண்ணத்தை அந்தச் சொல்லே உண்டாக்கிவிடும். 'ரீப்ரோ' (ரீப்ரொடக்ஷன் என்பதன் சுருக்கம்) என்றால் இந்த வட்டத்துக்கு வெளியே யாருக்கும் புரியாது. பத்து வருடம் கழித்து நண்பருடைய மகன் இதைப் பழைய பொருள் கடையில் போட்டால், கடைக்காரருக்கும் புரியணும். 'நகல்' போதும். ஜெராக்ஸ் நினைவு வந்தாலும் பரவாயில்லை. "வீட்டில் செய்த நகல். விற்பனைக்கு அல்ல." ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

#13 பழையபெட்டி

'நகல்' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது, பெட்டியும் கேசட்டும் பிரிந்துபோகும். லேபிளிலும் அதே வரி, செய்த வருடத்தோடு. முடிந்தால் உள்ளே போர்டிலும் அழியாத மையில் எழுதிவிடுங்கள், லேபிளை உரித்து மாற்றுபவர்கள் உண்டு. பெட்டியில் அந்த வரி அடிப்பக்க மூடிக்கு உள்ளே ஒளிந்துகொள்ளக் கூடாது, பின்பக்கத்தில் மற்ற வாசகத்தின் அதே அளவில் இருக்கணும்.

#14 மாடிவீட்டு_மரியோ

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். "1990இல் இது வெளிவந்திருந்தால்" என்ற கற்பனைதான் என்னை இதில் இழுத்தது. 'நகல்' என்று பெரிதாக எழுதியதும் அந்த மாயம் போய்விடுமோ என்று வருத்தமாக இருக்கிறது. அந்தக் கறுப்புப் பெட்டி மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

#15 ரீசெட்பட்டன்

ப்ரோ, அந்தக் கறுப்புப் பெட்டி ஏன் அப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய அடாரி காலத்தில் பெட்டி மேல் எண்ணெய் ஓவியம் மாதிரி படம் இருக்கும், வானம், விண்கலம், வீரர்கள். உள்ளே போட்டால் நாலு கட்டங்கள் நகரும். 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தையே சரிந்து, கடைக்காரரும் வாங்குபவரும் நம்பிக்கை இழந்திருந்த நேரத்தில், 1985இல் என்இஎஸ் வந்தது. அதனால் திரையில் வரும் கட்டம் கட்டமான உருவத்தையே எடுத்துப் பெட்டி முன்னால் பெரிதாகப் போட்டார்கள். வாங்கினால் இதுதான் கிடைக்கும் என்று சொன்ன பெட்டி அது. உங்கள் பெட்டியும் உள்ளே இருப்பதைச் சொன்னால் அந்தக் குணம் உங்களுக்கும் வந்துவிடும், கறுப்பு நிறமோ முத்திரையோ வேண்டியதில்லை.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட். திரை 256க்கு 240 புள்ளி. அமெரிக்க, ஜப்பானிய டிவியில் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருக்காது, 8க்கு 7 என்று கொஞ்சம் அகலமாக விழும். அதனால் அகலத்தை 8 மடங்கும் உயரத்தை 7 மடங்கும் பெருக்கினால் 2048க்கு 1680 என்று ஓரம் மங்காமல் வரும், முகமும் ஒடுங்காது. அதை எவ்வளவு சின்னதாக வைத்தாலும் புள்ளி கூர்மையாக நிற்கும். நிறத்தைப் பற்றி ஒன்று: என்இஎஸ் நிறத்தை எண்ணாக வெளியே விடாது, வீடியோ சிக்னலாகத்தான் விடும், டிவி அதை எப்படிப் பிரிக்கிறதோ அதுதான் நிறம். எமுலேட்டருக்கு எமுலேட்டர் (கணினியில் பழைய கேமை ஓட்டும் மென்பொருள்) வானத்தின் நிறம் மாறுவது இதனால்தான். எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரே எமுலேட்டரில் ஒரே நிறத் தொகுப்பில் எடுங்கள்.

#16 சிவகாசி_டிடிபி

அந்த வானத்து நீலம் ஸ்கிரீனில் மின்னுகிற மாதிரி பிரிண்டில் வராது, அச்சின் நாலு கலரான சிஎம்ஒய்கேயில் கத்திரிப்பூ கலர் அடிக்கும். மெஜந்தாவைக் குறைத்து ஒரு டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

#17 பழையபெட்டி

முன்பக்கப் படம் பற்றி. நம் எல்லாருக்கும் தெரிந்த 'கான்ட்ரா' பெட்டியில் துப்பாக்கியோடு நிற்கும் இரண்டு பேரும் பாப் வேக்லின் என்ற பிரிட்டிஷ் ஓவியர் வரைந்தது, ஒரு ஹாலிவுட் படத்தில் அர்னால்டு நிற்கும் அதே நிலை. 1987 'மெகாமேன்' அமெரிக்கப் பெட்டியில் கேமிலேயே இல்லாத ஒரு நடுவயது ஆள் கைத்துப்பாக்கியோடு நிற்பார். அது இவ்வளவு பேசப்பட்டதால் 2008இல் 'மெகாமேன் 9' வந்தபோது அதைச் செய்த கேப்காம் நிறுவனமே வேண்டுமென்றே அதே பாணியில் ஒரு படம் வரைந்தார்கள். 'ஃபாலங்ஸ்' என்ற விண்கலச் சண்டை கேமின் அமெரிக்கப் பெட்டியில் தொப்பி போட்ட ஒரு தாத்தா பேஞ்சோ வாசித்துக்கொண்டிருப்பார், கடை அலமாரியில் கண்ணை இழுக்க வேண்டும் என்பதற்காகவே.

உங்களுக்குக் கடை அலமாரியும் இல்லை, கண்ணை இழுக்கும் அவசரமும் இல்லை. நாலு நண்பர்கள்தான் பார்க்கப்போகிறார்கள். எங்கிருந்தோ ரசிகர் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள், அது வேறொருவர் உழைப்பு. ஜப்பான் பெட்டியை ஸ்கேன் செய்து போட்டால் மறுபடி போலிதான். நீங்களே ஒன்று வரையுங்கள்.

#18 எழுத்தாணி

போன். ஒரே ஒரு போன் போதும்.

#19 மாடிவீட்டு_மரியோ

இரண்டு வாரமாகக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், வரைந்துகொண்டிருந்தேன்.

கறுப்பை விட்டுவிட்டேன். மஞ்சள் பின்னணி, நடுவில் சுழலும் டயல் வைத்த பழைய கறுப்பு போன், எங்கள் வீட்டில் அத்தை இன்னும் மூட்டை கட்டி வைத்திருக்கும் போனைப் பரணிலிருந்து இறக்கி எதிரில் வைத்து வரைந்தேன். முதலில் காகிதத்தில், அப்புறம் 64க்கு 64 கட்டத்தில் புள்ளி புள்ளியாக, நாலே நிறம். சுருள் கம்பி கீழே இறங்கிப் பெட்டியின் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் போய் வாசகத்தின் முதல் எழுத்தைத் தொடுகிறது. பெயரை என் கையால் எழுதினேன், பூமி உருண்டை போடவில்லை.

பின்பக்கம்:

"மேசை விளக்கு உன்னை அடிக்க வருகிறது. தங்கையின் பொம்மையும் அப்படித்தான். பொம்மைக்குள் ஒரு பாட்டு இருக்கிறது, இன்னும் ஏழு பாட்டு ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது.
அப்பா வீட்டில் இல்லை. ஆனால் எந்த ஊரில் இருந்தாலும் போன் போடு, நீ இதுவரை வந்த தூரத்தை அவர் நினைவில் வைத்துக்கொள்வார்.

ஒருவர் ஆடுவது. கேம் ஆங்கிலத்தில். 60 பின் கருவிகளில் ஓடும்.
சேவ் செய்த பிறகு, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணைக்கவும். இல்லையென்றால் சேவ் அழியலாம்.
கேசட்டின் வாயில் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும்.

வீட்டில் செய்த நகல். விற்பனைக்கு அல்ல. இந்த கேம் நிண்டெண்டோவுக்குச் சொந்தமானது. இந்தப் பெட்டியையும் கேசட்டையும் அவர்கள் செய்யவில்லை."

#20 எழுத்தாணி

"நீ இதுவரை வந்த தூரத்தை அவர் நினைவில் வைத்துக்கொள்வார்." இந்த வரியில் சேவ் என்ற சொல்லே இல்லாமல் சேவ் செய்வதைச் சொல்லிவிட்டீர்கள். ஒரு கமாகூட மாற்ற மாட்டேன். மாற்றுவதென்றால் ஒன்றுதான்: மேலே "நீ, போன் போடு" என்று ஒருமையில் பேசிவிட்டுக் கீழே "ஊதாதீர்கள்" என்று மரியாதைக்குத் தாவுகிறீர்கள். "ஊத வேண்டாம்" என்று வைத்தால் "அணைக்கவும்" என்பதோடும் ஒட்டிப்போகும்.

#21 சிவகாசி_டிடிபி

தம்பி, ஃபைல் அனுப்பினீர்கள், பார்த்தேன். 'பொம்மை'யில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நடுவில் புள்ளி வட்டம் நிற்கிறது, 'போன்', 'கொள்வார்' எல்லாம் அப்படியே. இல்லஸ்ட்ரேட்டரில் டைப் செட்டிங்கில் இண்டிக் ஆப்ஷனைப் போட்டுவிட்டு, பாராவுக்கு வேர்ல்டு ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள், சேர்ந்துவிடும். இல்லையென்றால் இங்க்ஸ்கேப்பில் எழுதுங்கள், அதில் இந்தத் தொல்லை கிடையாது.

சரியாக வந்ததும் எழுத்தை எல்லாம் கர்வ்ஸ் (ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கித்தான் எந்த பிரஸ்ஸுக்கும் கொடுக்கணும். பல இடங்களில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில்தான் அடிக்கிறார்கள், உங்கள் யூனிகோடு அங்கே போனால் கட்டம் கட்டமாகத் தெரியும், அவசரத்தில் அவர்களே மறுபடி அடிப்பார்கள், 'ழ' 'ள' ஆகும். கர்வ்ஸ் ஆக்காத ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் வந்தால் வேணும். ஃபாண்ட் முக்தா மலர் எடுத்திருக்கிறீர்கள், இலவசம், அச்சுக்கும் உரிமம் உண்டு, சின்ன அளவிலும் தெளிவாக நிற்கும். வரிக்கு வரி இடைவெளியை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், மேல் வரியின் 'ழு' வாலும் கீழ் வரியின் 'கி' மேல் வளைவும் முட்டுகிறது.

#22 மாடிவீட்டு_மரியோ

முதல் ஷீட் வந்தது. கொம்பெல்லாம் ஒட்டிவிட்டது, இடைவெளி சரி, 'ஊத வேண்டாம்' மாற்றியாச்சு. மஞ்சள் நான் நினைத்ததைவிட நல்ல மஞ்சள். கேசட் உள்ளே போகும்போது லேசாக உரசிக்கொண்டு இறங்குகிறது, ஆட்டினால் சத்தம் இல்லை.

ஒரு தவறு. போன் கம்பி முன்பக்க விளிம்பில் போய்ப் பின்பக்க விளிம்பில் தொடங்கும் இடத்தில் ஒன்றரை மில்லி விலகி நிற்கிறது, தனித்தனியாக வரைந்து ஒட்டியதால். முதுகுப் பட்டையோடு சேர்த்து ஒரே படமாக மறுபடி வரைந்துவிட்டேன். அண்ணாச்சி, வெட்டுக் கோட்டையும் மடிப்புக் கோட்டையும் தனி லேயரில் வைத்து அனுப்பியிருக்கிறேன், கிரீஸிங்குக்கு அது போதுமா?

#23 சிவகாசி_டிடிபி

போதும். வெட்டுக்கு ஒரு கலர், மடிப்புக்கு ஒரு கலர், இரண்டையும் ஓவர்பிரிண்டில் (அடியில் இருக்கும் கலரை அழிக்காதபடி) போடுங்கள். ஆறாவது பெட்டி மிச்சம் இருந்தால் எனக்கு ஒன்று அனுப்புங்கள் தம்பி, கேசட் வேண்டாம், பெட்டி மட்டும்.